பன்னிரண்டாவது மாலை

முப்பத்து நான்கு வருஷம் மத்திய அரசில் சுருக்கெழுத்தாளராக இருந்தேன். அதிகாரி சொல்வதை ஒரு சொல் சிந்தாமல் எடுத்துத் தட்டச்சு செய்து கொடுக்க வேண்டும். சொல்வது சரியா, தப்பா என்று கேட்பது என் வேலை இல்லை. கோப்பில் யாரோ ஒரு பெண்ணின் மனு இருக்கும். அதிகாரி ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "குடும்பத்தினர் தொடர்ந்து விசாரிக்கவில்லை, கோப்பை முடித்துவிடலாம்" என்பார். எழுதிக்கொள்வேன். நாலு மணிக்கு டீ வரும், குடிப்பேன். ஐந்தரைக்குச் சார்ட்டர்ட் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிடுவேன்.

கடலுக்கு அந்தப் பக்கம் நம் ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்த மாதங்களில், நாங்கள் டெல்லியில் கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் இருந்தோம். எதிர் பிளாக் தமிழர் ஒருவர் கையில் காகிதத்துடன் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தார். நான் கதவைப் பாதி திறந்து பிடித்துக்கொண்டு, "நடத்தை விதி இருக்கே சார், நாங்க இதிலெல்லாம் போடக்கூடாதே" என்றேன். அவரும் அரசு ஊழியர்தான். அவருக்கும் அதே விதிதான். அடுத்த வீட்டுக் கதவைத் தட்டப் போனார். நான் உள்ளே வந்து தயிர் சாதம் பிசைந்தேன்.

ஓய்வு பெற்றபின் துவாரகாவில் சொந்த ஃபிளாட்டுக்கு வந்தோம். ஜங்புராவில் ஒரு மாடி அறையில் நாலைந்து பேர் சேர்ந்து நடத்தும் சின்ன அமைப்பு ஒன்று, அகதிகளின் வாக்குமூலங்களை எழுதி வாங்க ஆள் தேடுகிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். பெரிய மனசு என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். பகல் முழுக்க டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் கணவரைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை என்பது பாதிக் காரணம். அந்தப் பாதி திறந்த கதவு மீதிக் காரணம்.

அங்கேதான் அந்தக் குர்துப் பெண்ணைச் சந்தித்தேன். குர்துகள் நாலு நாடுகளுக்கு நடுவே பிரித்துப் போடப்பட்ட மலை ஜனங்கள். தங்களுக்கென்று ஒரு நாடு கிடையாது. சில இடங்களில் அவர்கள் மொழியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதே குற்றம். அவள் அந்த நாலில் எந்த நாட்டுக்காரி என்று நான் எழுதப் போவதில்லை. அங்கே இன்னும் அவளுடைய மனிதர்கள் இருக்கிறார்கள். பெயர்களையும் அதனால்தான் விட்டுவிட்டேன். இதைத் தமிழில் எழுதுவதற்கும் அதுவே காரணம், அங்கே ஒருவரும் படிக்க முடியாது. என் மகளாலும் படிக்க முடியாது, அவள் டெல்லியில் பிறந்தவள்.

முப்பத்தைந்து வயது இருக்கும் அவளுக்கு. டெல்லிக்கு வந்து ஏழு வருஷமாகிவிட்டது. ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் துபாஷியாக இருந்தாள். அரபு நாடுகளிலிருந்தும் பாரசீகம் பேசும் ஊர்களிலிருந்தும் வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்கும் இங்கத்து டாக்டர்களுக்கும் நடுவில் நின்று பேசுவாள். கான்சர் என்றால் அந்தச் சொல்லை நோயாளி அவள் வாயிலிருந்துதான் முதலில் கேட்க வேண்டும். அவள் பேசியது ஆஸ்பத்திரி இந்தி, நான் பேசியது ஆபீஸ் இந்தி. எப்படியோ ஒருவரை ஒருவர் புரிந்துகொண்டோம். டெல்லியில் எல்லாரும் கூப்பிடுவதுபோல என்னை ஆன்ட்டி என்றாள்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். அவளுடைய ஊரில் வெவ்வேறு வருஷங்களில் பதினோரு பேர் கொல்லப்பட்டிருந்தார்கள். சாலையில் சிலர், சிறையில் சிலர். எல்லாருக்கும் கல்லறை உண்டு. பன்னிரண்டாவது ஆள் அவளுடைய தம்பி. பள்ளிக்கூட வாத்தியார். சாயங்காலங்களில் வீட்டில் வைத்துக் குழந்தைகளுக்குச் சொந்த மொழியின் எழுத்துகளைச் சொல்லிக்கொடுத்தான். ஒருநாள் காலை முடிதிருத்தும் கடையில் பாதி முகம் மழித்திருந்த நேரத்தில், சாதாரண உடையில் வந்த நாலு பேர் அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். மறு கன்னத்தில் சோப்பு நுரை இருந்தது. அதற்குப் பிறகு ஒன்பது வருஷமாக ஒரு செய்தியும் இல்லை.

மாதாமாதம் முதல் வியாழக்கிழமை அவளுடைய அம்மா பஸ் ஏறி மாவட்டத் தலைநகருக்குப் போவாள். கையில் ஒரு துணி மூட்டை இருக்கும். ஒரு சட்டை, காலுறை, சோப்பு. அங்கே ஒரு ஆபீஸ், இருபது படி ஏற வேண்டும். ஜன்னலுக்குப் பின்னால் இருக்கும் ஆள் ஒரு பெரிய ரெஜிஸ்டரைத் திறந்து, விரலை வைத்துத் தேடி, இந்தப் பெயரில் எங்களிடம் யாரும் இல்லை என்பான். அம்மா மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்துவிடுவாள்.

"அப்புறம் எதுக்குப் போறாங்க?" என்று கேட்டேன்.

"அவன் ரெஜிஸ்டரைத் திறக்கிறான் இல்லையா ஆன்ட்டி, அதுக்குத்தான். அம்மா போனா அவன் திறந்தாகணும். போகலைன்னா மூடியே கிடக்கும். என்னிக்காவது என் தம்பியை வெளியே விட்டா, கேட்டுட்டு ஒருத்தர் வந்துக்கிட்டே இருக்காங்கன்னு அங்கே பதிவாகியிருக்கணும்."

இதைக் கேட்டபோது எனக்குத் தலைமுதல் கால்வரை ஒரு கூச்சம் வந்தது. ரெஜிஸ்டர்களைப் பற்றி என்னைவிட நன்றாகத் தெரிந்த ஒருத்தி எங்கோ ஒரு மலையூரில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

வாக்குமூலத்தோடு ஒரு பட்டியலும் தயாரித்தேன். வரிசை எண், பெயர், வயது, தொழில், நிலை. பதினோரு பேருக்கு நேராக 'இறப்பு'. பன்னிரண்டாவதாக 'காணவில்லை'. இந்தக் கையால்தான் அடித்தேன், சரிபார்த்து இனிஷியலும் போட்டேன். பின்னால் நடந்ததைச் சொல்லும்போது இதை மறந்துவிட வேண்டாம்.

அக்டோபரில் அந்தப் பன்னிரண்டு பேருக்காக ஒரு கூட்டம் நடத்த வேண்டும் என்று அமைப்பில் பேச்சு வந்தது. பத்து பேர் உட்கார்ந்தால் ஜங்புரா அறையில் மூச்சு முட்டும். வெளியே ஹால் கேட்டால் என்ன கூட்டம், யார் பேசுகிறார்கள், எந்த நாட்டுக்காரர்கள் என்று ஆயிரம் கேள்வி. எங்கள் சொசைட்டி ஹாலைக் கேட்டுப் பார்க்கிறேன் என்று நான் முன்வந்தேன். சொசைட்டி செக்ரெட்டரி ஒரு பஞ்சாபிக்காரர், நல்ல மனிதர்தான். மனித உரிமை என்ற சொல்லைக் கேட்டதுமே கையை ஆட்டிவிட்டார். "மேடம்ஜி, பாலிடிக்ஸ் நஹீ சலேகா." அரசியல் இங்கே ஆகாதாம்.

நான் யார்? முப்பத்து நான்கு வருஷம் டிராஃப்ட் பார்த்தவள். வீட்டுக்கு வந்து புதிய மனு எழுதினேன். மனித உரிமையையும் வெளிநாட்டையும் எடுத்துவிட்டு 'ஷோக் சபா' என்று போட்டேன். யாராவது இறந்தால் டெல்லியில் எல்லா சொசைட்டியிலும் நடக்கும் துக்கக் கூட்டம் அது. அதற்கு ஹாலை மறுக்கும் செக்ரெட்டரி இன்னும் பிறக்கவில்லை. "ஷோக் சபா ஹை? அச்சா, அச்சா, லே லீஜியே" என்று உடனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார், கூடவே வெள்ளை விரிப்புகளையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். வீட்டுக்கு வந்து கணவரிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

ஷோக் சபா என்று எழுதிக் கொடுத்தாகிவிட்டது. இனி அது ஷோக் சபா மாதிரி இருக்க வேண்டும், செக்ரெட்டரி எட்டிப் பார்ப்பார். வெள்ளை விரிப்பு, ஊதுபத்தி, தட்டில் ரோஜா இதழ். படங்களைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வாங்கிவந்தேன். கோயில் வாசல் கடையில் சந்தனச் சீவல் மாலை ஒரு டஜன் வாங்கினேன். அதற்கு ஒரு யோசனையும் தேவைப்படவில்லை. நம் வீடுகளில் இறந்தவர் படத்துக்கு மாலை போடுவதற்கு யாரும் யோசிப்பதில்லை. பொட்டு மட்டும் வைக்கவில்லை. அவர்கள் முஸ்லிம்கள், பொட்டு கூடாது என்று ஞாபகம் வைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் புத்தியை நினைத்து அன்றைக்கு ஒரு பெருமை வேறு.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஹாலில் நான் மட்டும்தான் இருந்தேன். மேஜையில் வெள்ளைத் துணி விரித்துப் படங்களை வரிசையாக வைத்தேன். தம்பியின் படம் ஏதோ கல்யாண ஃபோட்டோவிலிருந்து வெட்டியது. சிரிப்பதற்கு ஒரு நொடி முன்னால் பிடித்தது மாதிரி இருப்பான். இடது தோளில் நாலு விரல்கள், மருதாணி போட்ட விரல்கள். பக்கத்தில் நின்ற ஆளை வெட்டியபிறகும் விரல்கள் மட்டும் தோளிலேயே தங்கிவிட்டன. அவை அக்காவின் விரல்கள், அந்தப் பெண்ணே சொல்லியிருந்தாள்.

பதினோரு படத்துக்கு மாலை போட்டு முடித்தேன். கையில் ஒரு மாலை மிச்சம். தம்பியின் படம் மட்டும் வெறுமையாக நின்றது. பந்தியில் பதினோரு பேருக்கு இலை போட்டுவிட்டு ஒருவனை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கச் சொன்ன மாதிரி இருந்தது. பாவம், இந்தப் பிள்ளைக்கு மட்டும் என்ன குறை என்று தோன்றியது. இப்படித்தான் தோன்றியது, சத்தியமாக. எடுத்துப் போட்டேன். மாலைச் சரம் அந்த நாலு விரல்களின் மேல் விழுந்து அவற்றை மூடிவிட்டது.

ஜன்னல் வெளிச்சம் நன்றாக இருந்தது. கைபேசியில் படம் எடுத்து அமைப்பின் இணையப் பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறவருக்கு அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் அவர் அதைப் போட்டுவிட்டார். நானும் விரும்பினேன் என்று ஓர் இதயத்தைத் தட்டிவைத்தேன்.

இருபது பேர் வந்தார்கள். ஷோக் சபா என்று போர்டில் பார்த்துவிட்டு சொசைட்டிப் பெரியவர்கள் இரண்டு பேரும் வந்து, யார் வீட்டில் என்று கூடக் கேட்காமல், கைகூப்பிக் கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். அந்தப் பெண் மட்டும் வரவில்லை. ஆஸ்பத்திரியில் அவசர ஆபரேஷன், நோயாளியின் மனைவிக்கு அவளை விட்டால் வேறு வாயில்லை. ஒன்றரை மணிக்கு மேல்தான் வந்தாள், கழுத்தில் ஆஸ்பத்திரி அட்டையோடு.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக மேஜைக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன், நன்றாகச் செய்திருக்கிறீர்கள் என்று சொல்வாள் என்று எதிர்பார்த்துக்கொண்டு. அவள் தம்பியின் படத்திலிருந்து மாலையை எடுத்தாள். மெதுவாக, சட்டத்தில் சிக்கிக்கொள்ளாமல் எடுத்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் அடித்த பட்டியலின் கடைசி வரி கண் முன்னால் வந்து நின்றது.

"ஆன்ட்டி, ஃபோட்டோ எடுத்தீங்களா?"

"எடுத்தேன்."

"யாருக்காவது அனுப்பினீங்களா?"

தலையாட்டினேன். அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். மாலையைச் சுருட்டிக் கைப்பையில் வைத்துக்கொண்டு, சுவரோரம் போய் யாருக்கோ ஃபோன் போட்டாள். இணைப்புக் கிடைக்கவில்லை. மறுபடி போட்டாள். ஒரு மணி நேரத்துக்குள் படத்தைப் பக்கத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். அதற்குள் அது எங்கெங்கோ போய்விட்டிருந்தது.

அங்கே மாலை போடும் வழக்கமெல்லாம் கிடையாதாம். ஆனால் வெள்ளைத் துணி, பூ, ஊதுபத்திப் புகை, ஊரே அறிந்த பதினோரு இறந்தவர்கள், அவர்களோடு அவன். இதைப் புரிந்துகொள்ள மொழி எதற்கு? வேறு தேசத்தில் இருக்கும் உறவுக்காரர் ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு ஊருக்குச் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு இரண்டு நாளாக அங்கே தொடர்பு அறுந்து கிடந்தது. மூன்றாம் நாள் மகளால் பேச முடிந்தபோது, வீட்டில் பாய் விரித்து ஊர் ஜனங்கள் வந்து உட்கார்ந்து எழுந்து போயாகிவிட்டது. டெல்லியில் மகளுக்குச் சேதி கிடைத்திருக்கிறது, சொல்ல மனம் வராமல் படத்தை மட்டும் அனுப்பியிருக்கிறாள் என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள்.

"இல்லைம்மா, தப்பு நடந்துபோச்சு, ஒரு சேதியும் வரலைன்னு சொன்னேன். என்னைத் தேத்துறதுக்காகப் பொய் சொல்லாதேங்கிறாங்க" என்றாள் அவள். "பூப் போடுறவங்களுக்குத் தெரியாமலா போட்டாங்கன்னு கேக்கிறாங்க."

பூப் போட்டவள் நான். எனக்குக் கோபம் சட்டென்று வரும், மன்னிப்புக் கேட்பது மட்டும் வராது. கணவரிடம் கேட்டுப் பாருங்கள், கல்யாணமாகி நாற்பது வருஷத்தில் இரண்டு தடவை கேட்டிருப்பேன். அவளிடம் அன்று ஃபோனில் கேட்டேன். அவள், "தெரியும் ஆன்ட்டி" என்றாள். மன்னித்தேன் என்று அதற்கு அர்த்தமா, இல்லையா என்று இன்றுவரை தெரியாது.

நவம்பரின் முதல் வியாழக்கிழமை அம்மா பஸ் ஏறவில்லை.

நவம்பரில்தான் எங்களைப் போன்ற பென்ஷன்காரர்கள் உயிரோடிருப்பதை நிரூபிக்க வேண்டும். வங்கியில் வரிசையில் நின்று, சின்னக் கண்ணாடித் துண்டின்மேல் விரலை வைத்தால், ஆள் இருக்கிறாள் என்று சான்றிதழ் வந்துவிடும். பாத்திரம் தேய்த்துத் தேய்ந்த விரலை அந்த இயந்திரம் அவ்வளவு லேசில் ஒப்புக்கொள்ளாது. கட்டைவிரல் ஆகவில்லை. ஆள்காட்டி விரல் ஆகவில்லை. "தூஸ்ரா உங்லீ லகாயியே" என்று கவுண்ட்டர் பெண் ஒவ்வொரு விரலாகக் கேட்டுக்கொண்டிருந்தபோது அந்தக் குர்துப் பெண்ணிடமிருந்து ஃபோன் வந்தது.

அந்த ஆபீஸிலிருந்து அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பியிருக்கிறார்கள். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவர்களே கூப்பிட்டார்கள், உள்ளே உட்கார வைத்து டீ கொடுத்தார்கள். மேஜையில் நான் எடுத்த படத்தின் பிரதி இருந்தது. உங்கள் குடும்பமே காரியம் செய்துவிட்டது, நீங்களும் விசாரிக்க வருவதை நிறுத்திவிட்டீர்கள், இனி இதை ஏன் இழுக்க வேண்டும் என்று, அவன் இறந்துவிட்டதாக ஒப்புக்கொள்ளும் ஒரு காகிதத்தை நீட்டினார்கள். அம்மா கையெழுத்துப் போட்டாள். உடலைக் கேட்டதற்கு, அது எங்களிடம் இல்லையே என்றார்களாம்.

அவள் சொல்லி முடித்தபோது என் நடுவிரல் கண்ணாடிமேல் இருந்தது. இயந்திரம் பச்சை விளக்குக் காட்டியது. "ஹோ கயா மாதாஜி" என்றாள் கவுண்ட்டர் பெண்.

அன்று மெட்ரோவில் வீடு வரும்வரை ஒரே வாக்கியம் காதில் ஓடிக்கொண்டிருந்தது. குடும்பத்தினர் தொடர்ந்து விசாரிக்கவில்லை, கோப்பை முடித்துவிடலாம். எத்தனை கோப்புகளில் இதை எழுதியிருப்பேன்? அவர்களில் யாருக்காவது விசாரிக்க முடியாமல் போனதற்கு என்ன காரணம் என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நினைத்திருப்பேனா? எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. ஸ்டேஷன் வந்ததுகூடத் தெரியாமல் அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பி வந்தேன்.

செய்ய முடிந்தது எனக்குத் தெரிந்த வேலைதான். பிரமாணப் பத்திரம் ஒன்று தயாரித்தேன். இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, டெல்லியில் வசிக்கும் இந்தியக் குடிமகளாகிய நான், மேற்படி நபரின் மரணம் குறித்து எந்தத் தகவலும் இல்லாத நிலையில், எங்கள் சமூகப் பழக்கத்தின் காரணமாகவும் என் கவனக்குறைவாலும் அவர் படத்துக்கு மாலை அணிவித்தேன், அவர் குடும்பத்தாருக்கு இதில் பங்கில்லை, அவர் காணாமல் போனவராகவே கருதப்பட வேண்டும். ஏழு தடவை திருத்தினேன். என் வாழ்க்கையில் இவ்வளவு நல்ல டிராஃப்ட் நான் எழுதியதில்லை.

திருநெல்வேலியை விட்டு வந்து நாற்பது வருஷமானாலும் என் கணவருக்குக் கோபம் வந்தால் அந்த ஊர்ப் பேச்சுதான் வரும். "ஒனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? எவன் நாட்டுக்கோ பேரு, அட்ரஸு எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புத. நாளைக்குப் பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ்காரன் வந்து நின்னான்னா என்ன சொல்லுவ?"

"வரட்டும். மாலை போட்டேன்னு சொல்லுதேன்."

அவர் டிவி சத்தத்தைக் கூட்டினார். மறுநாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். "நோட்டரிகிட்ட சாட்சி கேப்பானே, யாரு வாரா?" என்றார். கோர்ட் வாசலில் மரத்தடி நோட்டரியிடம் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். பாதி திறந்த கதவின் பின்னால் நின்று போட மறுத்தேனே, அதையும் சேர்த்துப் போட்டதாக நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு அன்று சாயங்காலம் வரைக்கும்தான் நீடித்தது.

சாயங்காலம் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். பத்திரத்தை மேஜையில் வைத்துவிட்டுத் தோசை வார்த்துக் கொடுத்தேன். சாப்பிட்டாள். பத்திரத்தை வரி வரியாகப் படித்தாள். பிறகு அதைத் திருப்பி என் பக்கம் தள்ளினாள்.

"அம்மா வேண்டாங்கிறாங்க."

"ஏன்?"

"இதைக் கொடுத்தா மறுபடியும் அவன் காணாமப் போனவனாயிடுவான். மறுபடியும் அந்தப் படியெல்லாம் ஏறணும். ஒன்பது வருஷமா என் வீட்டு வாசல்ல யாரும் வந்து நின்னதில்ல, பயம். இப்ப மூணு நாள் எல்லாரும் வந்து அவன் பேரைச் சொல்லி அழுதாங்க. செத்த பிள்ளையை நான் சுமந்துக்குவேன், காணாமப் போன பிள்ளையை இனிமே சுமக்க முடியாதுன்னு சொல்றாங்க."

"நீ என்ன சொன்னே?"

"சண்டை போட்டேன்." தட்டில் மிச்சமிருந்த சட்னியை விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். "அவன் உயிரோட இருந்தா, ஆன்ட்டி? ஏதோ ஒரு நாள் கதவைத் திறந்து போடான்னு விட்டா? வெளியே வந்து பார்ப்பான். யாருமே நின்னுக்கிட்டிருக்க மாட்டாங்க. நானும் அங்கே போக முடியாது. என் அகதி அட்டையோட நான் எந்த வாசல்ல போய் நிப்பேன்?"

என் கணவர் டிவியை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்கு அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அந்தக் கையைப் பிடிக்க எனக்கு என்ன யோக்கியதை என்றும் இருந்தது. பத்திரத்தை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

இந்த வருஷமும் அக்டோபர் வந்தது. செக்ரெட்டரி இப்போது அதை வருஷாந்திர ஷோக் சபா என்கிறார், கேட்காமலே சாவியைக் கொடுத்தார். கோயில் கடைக்காரர் போன வருஷம் மாதிரியே டஜனாகக் கட்டி நீட்டினார். ஒன்றைப் பிரித்துத் திருப்பிக் கொடுத்தேன். "ஒண்ணு குறையுதே" என்றார். "பதினொண்ணு போதும்" என்றேன். பன்னிரண்டாவது படத்தைத் தனி மேஜையில், பூவோ ஊதுபத்தியோ இல்லாமல் வைப்பதாக ஏற்பாடு. அதை எழுதி, அவளிடம் காட்டி, ஒப்புதல் வாங்கியிருந்தேன்.

இந்தத் தடவை அவள் சீக்கிரம் வந்துவிட்டாள். படத்தைக் கொண்டுவந்தாள். அதை மேஜையில் வைத்துவிட்டுக் கைப்பையைத் திறந்து போன வருஷத்து மாலையை எடுத்தாள். ஒரு வருஷமாக வைத்திருந்திருக்கிறாள். சந்தன வாசனை போய்விட்டிருந்தது, இரண்டு மூன்று சீவல்கள் நசுங்கியிருந்தன.

"அம்மா பார்க்கணுமாம். வீடியோவுல. அங்கே அவனுக்குக் கல்லறை இல்லை, இங்கேயாவது பூ இருக்கட்டும்னு கேக்கிறாங்க." ஃபோனைத் திறந்து வைத்துக்கொண்டாள். "நீங்க போடுங்க ஆன்ட்டி. எனக்குக் கை வராது."

"எனக்கு மட்டும் வருமா?"

"போன தடவை வந்ததே."

குத்திக் காட்டவில்லை அவள். நிஜமாகவே அப்படித்தான் நினைத்துச் சொன்னாள். அதனால்தான் எனக்குத் தாங்கவில்லை.

இணைப்புக் கிடைத்தது. சின்னத் திரையில் ஒரு வயதான முகம், நெற்றிவரை வெள்ளை முக்காடு. கண்ணை அகலத் திறந்து வெளிச்சத்தில் எதையோ தேடுகிற முகம். அவளை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. என்னை அவளுக்கு யார் என்று தெரியுமா என்று நான் கேட்கவில்லை, மகளும் சொல்லவில்லை.

மாலையை வாங்கினேன். போன வருஷம் தெரியாமல் போட்டதை இந்த வருஷம் தெரிந்து போட்டேன். எங்கோ ஓர் அறையில் அவன் இந்த நிமிஷம் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கலாம். பாதி முகம் மழித்தவன். இப்போது முப்பத்தைந்தை நெருங்கியிருப்பான். படத்தின் மேல் சட்டத்தில் மாலையை மாட்டி, இடது பக்கத்துச் சரத்தைக் கொஞ்சம் வெளியே தள்ளிவைத்தேன், அந்த நாலு விரல்களும் மறையாமல் இருக்கட்டும் என்று. என்னால் முடிந்தது அவ்வளவுதான். அவள் கவனித்தாள்.

திரையில் அம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. பிறகு விரலை நீட்டி ஏதோ சொன்னாள். மகள் பேசாமல் இருந்தாள். அம்மா திரும்பவும் சொன்னாள்.

"என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன்.

"மாலை கோணலா இருக்காம்." ஆஸ்பத்திரியில் பேசும் குரலில், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். "நேராப் போடச் சொல்றாங்க."

நான் அவளைப் பார்த்தேன். அவள் ஃபோனை ஆடாமல் பிடித்துக்கொண்டு, படத்தைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். சரத்தை இழுத்து நேராக்கினேன். விரல்கள் மறைந்தன. அம்மா தலையசைத்தாள்.